மரை கழன்ற வரலாறு: நட்டு, போல்ட், கை

தமிழில் ஒருவனைப் பைத்தியம் என்று சொல்ல வேண்டுமானால் 'மரை கழண்டவன்' என்கிறோம். பகுத்தறிவு என்பது சரியாக முறுக்கி வைக்கப்பட்ட ஒன்று, அது தளர்ந்தால் ஆள் காலி என்கிற எந்திர யுகத்தின் உருவகம் எப்படியோ நம் தெருப் பேச்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு ஆண்டுகளில் மரை என்றால் ஒரு வகை மான், தாமரையின் தலைக்குறை என்றெல்லாம் ஒப்பித்திருக்கிறேன். திருகாணியின் மரையைப் பற்றி எந்தப் பேராசிரியரும் வாய் திறந்ததில்லை. அதைச் சொல்லித் தந்தது என் அண்ணன்.

அண்ணன் பதினோரு வயதில் பட்டறைக்குப் போனான். அப்பா செத்த வருஷம். இரண்டு பேரில் ஒருத்தன்தான் படிக்க முடியும் என்று வீட்டில் ஆனபோது, சின்னவன் என்பதால் நான் படித்தேன். மதுரையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. முதல் இரண்டு வருஷம் டீ வாங்குவதும், பார்ட்ஸ்களை டீசலில் கழுவுவதும், ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதும்தான் வேலை. பன்னெண்டு-பதிமூணு கேட்டால் பதினாலு-பதினஞ்சை நீட்டினால் அதே ஸ்பானர் விரல் முட்டியில் விழும். மூன்றாவது வருஷம் நட்டு முறுக்க விட்டார்கள். எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கேட்டதற்கு மேஸ்திரி சொன்ன பதில்: 'கையே சொல்லும்டா.'

இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு இருபத்து நான்கு வயதில் நான் ஒரு கட்டுரை எழுதினேன், ஒரு கருத்தரங்கில் வாசிக்க. மேற்கத்திய அளவீட்டு அறிவுக்கு எதிராக, எண்ணாக மாற்ற முடியாத, உடலில் தங்கியிருக்கிற அடித்தள மக்களின் அறிவு என்று கைவாகைத் தூக்கி நிறுத்தியிருந்தேன். ஃபூக்கோ இருந்தார். அடக்கப்பட்ட அறிவுகளின் கலகம் இருந்தது. நல்ல கைதட்டல். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டான். பிறகு, 'எங்க கைய நீ ரொம்பத்தான் கும்பிட்டிருக்கடா. அந்தக் கை எத்தன போல்ட்ட அறுத்துருக்குன்னு எழுதலையே' என்றான். அந்தக் கட்டுரையை நான் எங்கும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. இது அதற்கான மறுப்பு, கொஞ்சம் தாமதமாக.

முறுக்கும்போது என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் (எழுதுகிறவர்களைச் சொல்கிறேன்) போல்ட் என்பது இரண்டு தகட்டைக் கோத்து நிற்கிற ஒரு முளை என்றுதான் நினைக்கிறோம். அப்படியில்லை. போல்ட் ஒரு ஸ்பிரிங். நட்டை முறுக்க முறுக்க போல்ட் இம்மியளவு நீள்கிறது. நீண்டது பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் இரண்டு பக்கத்தையும் அழுத்திப் பிடிக்கிறது. குறைவாக முறுக்கினால் அழுத்தம் போதாமல் மூட்டு அசையும், அசைந்தால் நட்டு தானாகக் கழன்று வரும். அதிகமாக முறுக்கினால் போல்ட் மீளாத அளவுக்கு நீண்டு செத்துப்போகும், அல்லது அலுமினிய எஞ்சினில் மரை உரிந்து வந்துவிடும். ஆக இறுக்கம் என்பதற்கு ஒரு குறுகலான சரியான இடம் உண்டு. அதை யார் அறிவது, எப்படி அறிவது, யாருக்குச் சொல்வது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது அதிகாரத்தின் வரலாறும்கூட.

கையால் செய்த கம்மலின் திருகாணி தொலைந்துபோனால் நம் வீடுகளில் என்ன பாடு என்று எல்லோருக்கும் தெரியும். இன்னொரு கம்மலின் திருகாணி அதற்குச் சேராது. ஆசாரியிடம்தான் போக வேண்டும், அவர்தான் அதற்கென்று மரை போட்டுத் தர வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கிலாந்தின் எந்திரங்கள் இப்படித்தான் இருந்தன. ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதனதன் நட்டு. பிரித்தால் ஜோடி மாறாமல் இருக்கக் குறி போட்டு வைக்க வேண்டும். எந்திரத்தைச் செய்த பட்டறையிடமேதான் பழுதுக்கும் போய் நிற்க வேண்டும். 1800ஐ ஒட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே மரை வெட்டும் கடைசல் எந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் பின்னர் மான்செஸ்டரில் பட்டறை வைத்து, நாட்டின் பல பட்டறைகளிலிருந்தும் போல்ட்டுகளைத் திரட்டி, அவற்றின் சராசரியைக் கண்டு, 1841ல் சிவில் எஞ்சினியர்கள் கழகத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். 55 டிகிரி கோணம், ஒவ்வொரு விட்டத்துக்கும் அங்குலத்துக்கு இத்தனை சுற்று என்று ஒரே மரை. ரயில் கம்பெனிகள் ஏற்றுக்கொண்டன. பேரரசு போன இடமெல்லாம் இந்த மரையும் போயிற்று. நம் மேஸ்திரிகளின் ஸ்பானர் பெட்டிக்குள்ளும் வந்து விழுந்தது.

கவனியுங்கள், விட்வொர்த் எதையும் கண்டுபிடிக்கவில்லை. பெயரில்லாத பட்டறைக்காரர்கள் கைகளில் இருந்ததைச் சேகரித்து, சராசரியாக்கி, திருப்பி அவர்களுக்கே விதியாகக் கொடுத்தார். மானுடவியலாளர்களும் நாட்டார் வழக்காற்றியல்காரர்களும் பின்னாளில் செய்த வேலைதான். நான் செய்த வேலையும்தான்.

அமெரிக்காவில் இதற்குப் போட்டி கிளம்பியது. 1864 ஏப்ரலில் பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிடியூட்டில் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி கோணமும் தட்டையான முகடும் கொண்ட மரையை முன்வைத்தார். விட்வொர்த்தின் வளைந்த முகட்டை வெட்ட மூன்று வகை வெட்டுளியும் இரண்டு வகைக் கடைசல் எந்திரமும் வேண்டும், தன்னுடையதற்கு ஒவ்வொன்று போதும் என்பது அவர் வாதம். அதாவது தேர்ந்த கைக்காரன் தேவையில்லை, சாதாரண ஆள் போதும். தரப்படுத்தலின் உள்ளே உழைப்பைப் பற்றிய ஒரு முடிவு ஒளிந்திருப்பதை இங்கே பார்க்கிறோம். இதைவிட முக்கியம், இந்தச் செல்லர்ஸ்தான் பின்னாளில் மிட்வேல் எஃகு ஆலையின் தலைவர். 1878ல் அந்த ஆலைக்குள் வேலைக்கு வந்த ஓர் இளைஞன் உலோகம் வெட்டுவதில் பரிசோதனைகள் செய்ய அனுமதி கேட்டபோது கொடுத்தவர் அவர். இளைஞனின் பெயர் ஃபிரடெரிக் டெய்லர். 1911ல் 'விஞ்ஞான மேலாண்மை' என்று புத்தகம் போட்டவர். தொழிலாளிகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்திருக்கும் அறிவையெல்லாம் நிர்வாகம் திரட்டி, விதியாக்கி, அட்டவணையாக்க வேண்டும் என்பதுதான் டெய்லரியத்தின் மையம். மரையில் தொடங்கியது மனுஷனில் வந்து நின்றது. ஹாரி பிரேவர்மன் 1974ல் எழுதிய நூல் இதைத்தான் மூளையும் கையும் பிரிக்கப்பட்ட கதையாகச் சொல்கிறது.

1913ல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் ஃபோர்டின் நகரும் வரிசை ஓடத் தொடங்குகிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த சேசிஸ் வேலை ஓராண்டுக்குள் 93 நிமிஷமாகக் குறைந்தது. போல்ட்டைச் செருகுகிறவன் ஒருத்தன், நட்டை மாட்டுகிறவன் இன்னொருத்தன், முறுக்குகிறவன் மூன்றாமவன் என்ற பிரிவினையை ஃபோர்டு 1922ல் வெளியான தன்வரலாற்றில் பெருமையாகவே விவரிக்கிறார். ஒரு நட்டு முழுதாக முறுகுவதைக்கூட எந்த மனுஷனும் முழுதாகச் செய்துவிடக் கூடாது! ஆட்கள் ஓடினார்கள். 1913ல் அங்கே ஆள் மாற்றம் 370 சதவீதம், அதாவது ஓர் இடத்தை நிரப்ப வருஷத்துக்கு மூன்று நான்கு பேர். 1914 ஜனவரியில் ஐந்து டாலர் கூலி வந்தது இதனால்தான், கருணையால் அல்ல. கூடவே தொழிலாளி குடிக்கிறானா, வீடு சுத்தமா என்று பார்க்க இன்ஸ்பெக்டர்களும் வந்தார்கள். சிறைக்குள் இருந்தபடி கிராம்ஷி 'அமெரிக்கனியமும் ஃபோர்டியமும்' குறிப்புகளில் கவனித்தது இந்த இணைப்பைத்தான். புது வகை உழைப்புக்குப் புது வகை ஆளை உண்டாக்கியாக வேண்டும். 1936ல் சாப்ளின் 'மாடர்ன் டைம்ஸ்' எடுத்தார். இரண்டு கையிலும் ஸ்பானரோடு நட்டு முறுக்கி முறுக்கி, கடைசியில் பெண்களின் சட்டைப் பொத்தானையும் முறுக்கத் துரத்துகிற அந்த ஆள் மரை கழன்றவன்தான். நட்டை இறுக்குகிறவனுக்கு மரை கழல்கிறது. நம் வசைச் சொல்லை அந்த மனுஷர் இரண்டு நிமிஷத்தில் வரலாறாக்கிக் காட்டிவிட்டார்.

இதுவரை எழுதியதோடு நிறுத்தினால் கதையாடல் கச்சிதமாக இருக்கும். அறிவு கையில் இருந்தது, முதலாளியம் பிடுங்கிற்று. என் பழைய கட்டுரை இங்கேதான் முடிந்தது. ஆனால் டார்க் ரெஞ்ச் இந்தக் கதைக்குள் அடங்க மறுக்கிறது. இத்தனை அளவு விசை வந்தால் முள் காட்டும் அல்லது 'க்ளிக்' என்று சொல்லும் அந்த ரெஞ்சை முதலில் யோசித்தவராக கான்ராட் பாரைச் சொல்கிறார்கள். 1918ல் அவர் நியூயார்க் நகரத் தண்ணீர்த் துறையில் இருந்தார். வாகனத் தொழிற்சாலையில் அல்ல. பூமிக்கடியில் ஓடுகிற தண்ணீர்க் குழாய், நீராவிக் குழாய் இவற்றின் வளையங்களை இணைக்கும் போல்ட்டுகள் உடைந்துகொண்டே இருந்தன. காரணம் பலவீனமான கை அல்ல, பலமான கை. ஆள் தன் முழு வலுவையும் போட்டு முறுக்கியது. குழிக்குள் இறங்குகிறவனுக்கு 'இது போதும், நிறுத்து' என்று சொல்ல ஒரு கருவி தேவைப்பட்டது. உழைப்பைப் பிழிவதற்கு வந்த எண்கள் உண்டு. இந்த எண் அப்படி வரவில்லை.

கை என்ன செய்கிறது என்பதை அண்ணன் எனக்கு ஒரு நாள் காட்டினான். சின்ன ஸ்பானரில் முறுக்கினால் ஒரு விசை, அதையே பைப் போட்டு நீட்டினால் வேறு விசை. காலையில் ஒரு கை, இரவு பத்து மணிக்கு இன்னொரு கை. பசித்த கை, கோபத்தில் இருக்கும் கை. கைவாகு என்று நான் ஒருமையில் எழுதியது அவனுக்குச் சிரிப்பாக இருந்ததில் என்ன ஆச்சரியம்.

அதற்காக எண்ணைக் கும்பிடவும் முடியாது. அதுவும் பாதி பொய். நாம் போடுகிற முறுக்கு விசையில் ஏறக்குறைய பாதி நட்டின் அடிப்பகுதி உரசுவதில் போகிறது. நாற்பது சதவீதம்போல மரைகளுக்கிடையேயான உராய்வில் போகிறது. போல்ட்டை நீட்டுவதற்கு மிஞ்சுவது பத்தில் ஒன்றுதான். துருப்பிடித்த மரையில் டார்க் ரெஞ்ச் 'க்ளிக்' என்னும், போல்ட் நீண்டிருக்காது. எண்ணெய் தடவிய மரையில் அதே 'க்ளிக்'குக்கு போல்ட் அளவு மீறி நீளும். எனவே மரையைத் துடைக்கத் தெரிந்த கை, மேனுவலில் உள்ள எண் காய்ந்த மரைக்கா எண்ணெய் போட்ட மரைக்கா என்று கேட்கத் தெரிந்த ஆள் இல்லாமல் அந்த எண் சும்மா ஒரு எண். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தவணையில் முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹெட் வளையும், கேஸ்கட் ஊதும். சக்கர நட்டுகளை வட்டமாகப் போகாமல் எதிரெதிராக முறுக்க வேண்டும். கடைசி முறுக்கைச் சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் போட வேண்டும். அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பங்கிடுவதற்காகத்தான் இவ்வளவும். 1970களின் பிற்பகுதியிலிருந்து கார் எஞ்சின்களில் இன்னொரு முறை பரவியது. ஒரு சிறு விசைக்கு முறுக்கிவிட்டு, அப்புறம் எண்ணை மறந்து, 90 டிகிரி, இன்னொரு 90 டிகிரி என்று கோணத்தில் திருப்புவது. உராய்வு ஏமாற்றுவதால் கோணம். வேண்டுமென்றே போல்ட்டை அதன் மீளும் எல்லையைத் தொட வைக்கிறார்கள். அப்படிப்பட்ட போல்ட் பலவற்றைக் கழற்றினால் மறுபடி போடக் கூடாது. 'ஒரு தடவ வேல வாங்கிட்டு எறியிறது. காண்ட்ராக்ட் ஆளு மாதிரி' என்பான் அண்ணன். இந்த உவமையை நான் எழுதியிருந்தால் மிகை என்பீர்கள்.

கைக்காரர்களின் நம்பிக்கைகளையும் விஞ்ஞானம் விட்டுவைக்கவில்லை. ஸ்பிரிங் வாஷர் போட்டால் நட்டு கழலாது என்பது பட்டறை வேதம். 1969ல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் எஞ்சினியர் மூட்டைக் குறுக்குவாட்டில் அதிரவைத்துப் பார்த்தார். நட்டு எப்படித் தானே சுழன்று கழல்கிறது, போதுமான இழுப்பு இல்லாத இடத்தில் ஸ்பிரிங் வாஷர் எவ்வளவு சின்ன உதவி என்று காட்டினார். எங்கள் மேஸ்திரிக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை. அதே சமயம், பழைய லாரிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடமுறுக்கு மரை ஏன் என்று கேட்டால், 'வண்டி ஓடுற வாக்குல நட்டு கழண்டுரும்ல' என்று ஒரே வரியில் சொல்வார். எண் இல்லை, சமன்பாடு இல்லை. சரியான பதில்.

ஸ்பானர் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் போக மனசில்லை. அது ஒரு காலனிய ஆவணக்காப்பகம். விட்வொர்த் ஸ்பானரில் பொறித்திருக்கிற எண் போல்ட்டின் விட்டம். அமெரிக்க அங்குல ஸ்பானரில் பொறித்திருப்பது நட்டின் அகலம். இரண்டிலும் 'அரை' என்றிருக்கும், இரண்டும் வேறு வேறு நட்டுக்குத்தான் சேரும். அரை அங்குல போல்ட்டுக்கு விட்வொர்த் அங்குலத்துக்கு 12 சுற்று வைத்தார், செல்லர்ஸ் 13. இந்த ஒரு சுற்று வித்தியாசத்தோடு இரண்டு உலகப் போர்களை ஒரே அணியில் நின்று நடத்தி முடித்துவிட்டு, 1948 நவம்பரில் வாஷிங்டனில் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் பொது மரைக்குக் கையெழுத்துப் போட்டன. இங்கே 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு மில்லிமீட்டர் ஸ்பானர் எல்லாக் கொட்டகைக்கும் வந்தது. பழையதை யாரும் தூக்கி எறியவில்லை. முன்று பேரரசும் ஒரே பெட்டியில் கிரீஸ் பூசிக் கிடக்கின்றன.

2000ல், அண்ணனுக்குப் பதினாறு வயசு. பட்டறைக்கு வந்த ஒரு வாடகைக் காருக்குச் சக்கரங்களைக் கழற்றி, ரிம்முக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்து மாட்டினார்கள். மூன்றாம் நாள் பைபாஸில் முன்சக்கரம் ஒன்று கழன்று ஓடிவிட்டது. டிரைவருக்குக் கால் முறிந்தது. நட்டை முறுக்கியது அண்ணனா, கூட இருந்த இன்னொரு பையனா, கடைசியில் சரிபார்த்த மேஸ்திரியா என்று சொல்ல எந்தச் சாட்சியும் இல்லை. மேஸ்திரி காரின் சொந்தக்காரரிடம் சொன்னது: 'இவன் கை சரியில்ல சார். ராசியில்லாத கை.' அத்தோடு ஜாதியையும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத விருப்பமில்லை. அன்றோடு அந்தக் கொட்டகையில் அண்ணனுக்கு வேலை போயிற்று.

நடந்தது என்னவாக இருக்கும் என்று அவனுக்கு விளங்க ஏழெட்டு வருஷம் ஆயிற்று. ரிம் ஹப்பில் உட்காரும் முகத்திலும் நட்டு உட்காரும் குழியிலும் கெட்டியாகப் பெயிண்ட் இருந்திருக்கிறது. ஓட ஓட அந்தப் பெயிண்ட் நசுங்கும். பெயிண்ட் நசுங்கினால் போல்ட்டின் நீட்சி குறையும், பிடிப்பு போகும். அந்த முகங்களில் பெயிண்ட் இருக்கக் கூடாது, சக்கரம் மாட்டிய வண்டியை ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். இதில் எதுவும் எவன் கையிலும் எழுதியிருக்கவில்லை.

கைவாகு என்ற சொல்லாடல் எனக்குக் கசந்தது இங்கேதான். அறிவு கையில் இருக்கிறது என்றால் தப்பும் கையில்தான் இருக்கும். கை உடம்பில் இருக்கிறது. உடம்புக்கு இங்கே பிறப்பிலேயே விலை போட்டு வைத்திருக்கிறார்கள். பத்து வருஷம் டீ வாங்கிக்கொடுத்தாலும் 'கையே சொல்லும்' என்று சொல்லிச் சொல்லாமலே விடுவது குருகுலத்தின் பழைய உத்தி. ஏகலைவனிடம் கேட்டது கட்டை விரலைத்தான். இதற்கு எதிரே, 'சக்கர நட்டு, இத்தனை நியூட்டன் மீட்டர்' என்று அச்சில் இருக்கும் ஓர் எண்ணை யாரும் படிக்கலாம். அதற்குக் குலம் கிடையாது. அன்று அப்படி ஓர் எண்ணும், அதைக் குறித்து வைத்த ஒரு தாளும் இருந்திருந்தால் பதினாறு வயசுப் பையன் எதையாவது நீட்டிப் பேசியிருக்க முடியும்.

ஆனால் அந்த எண் எங்கே இருந்தது? கம்பெனி மேனுவலில், ஆங்கிலத்தில், டீலரின் அலமாரியில். பெரிய தொழிற்சாலைகளிலோ அது வேறு ஆளாகிவிட்டது. இன்றைய மின்சார முறுக்குக் கருவி ஒவ்வொரு நட்டுக்கும் விசை, கோணம், நேரம் எல்லாவற்றையும் பதிந்து வைக்கும். வரிசையில் நிற்கிறவன் தப்புச் செய்தால் வரிசையே நிற்கும். கையை அவநம்பிக்கையிலிருந்து காப்பாற்றும் சாட்சியாக நான் மேலே எழுதிய அதே பதிவு, அங்கே கைக்கு எதிரான சாட்சி. மறைமலைநகரில் 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் கார் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்து, 2022ல் நிறுத்தியபோது, எத்தனை லட்சம் நட்டுகளைச் சரியான எண்ணுக்கு முறுக்கிய ஆட்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். அவர்களுடைய முறுக்கில் பிழையென்று யாரும் சொல்லவில்லை.

அண்ணன் இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டார்க் ரெஞ்ச் ஒன்று, பெட்டியோடு சுவரில் தொங்குகிறது. வேலை முடிந்ததும் அளவைப் பூஜ்யத்துக்கு அருகே இறக்கி வைக்காவிட்டால் பையன்களுக்குத் திட்டு விழும், உள்ளே ஸ்பிரிங் சோம்பிப் போகுமாம். பக்கத்துச் சுவரில் வண்டி வண்டியாக எண்கள், தமிழில், பச்சைப் பெயிண்டில்: சக்கரம், ஹெட், ஸ்பார்க் பிளக், ஆயில் டிரெயின். போன மாதம் நான் போயிருந்தபோது பாலிடெக்னிக் முடித்த பையன் ஒருத்தன் 'க்ளிக்' சத்தம் வந்த பிறகும் ஆசைக்கு இன்னொரு இழுப்பு இழுத்தான். 'அதான் சொல்லிருச்சுல்ல. அதுக்கு மேல உன் கை எதுக்குடா?' என்றான் அண்ணன். மேஸ்திரி மாதிரி முட்டியில் அடிக்கவில்லை.

பில் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பில்லின் அடியிலும் மூன்று கட்டங்கள் அச்சடித்திருந்தான்: முறுக்கியவர், சரிபார்த்தவர், நூறு கிலோமீட்டருக்குப் பின் மறுமுறுக்கு. முதல் கட்டத்தில் பையனின் கையெழுத்து, இரண்டாவதில் அண்ணனுடையது. இது கண்காணிப்பு இல்லையா, ஃபேக்டரியில் செய்வதைத்தானே நீயும் செய்கிறாய் என்று கேட்டேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தான்.

'எம் பேரும் இருக்குல்ல அதுல' என்றான்.